பதினெட்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து அறுநூற்று எண்பத்தைந்து

புது சர்வேயர்களான உங்களுக்கு நான் எடுத்த பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், சர்வீஸ்ல எப்பவாவது பயந்திருக்கீங்களா?" பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டு, "நாலு கல்லு நடுற வேலைக்கு என்னங்க பயம்?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. எண்பதை எட்டிப் பிடிக்கிற வயதிலும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டேனே, அந்த என் மேல். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

பயந்திருக்கிறேன். பாம்புக்குப் பயந்திருக்கிறேன், நடு வயலில் இடிக்குப் பயந்திருக்கிறேன். அதெல்லாம் அந்தந்த நேரத்தோடு போயிற்று. ஒரு எண்ணுக்குப் பயந்தது மட்டும் இன்னும் போகவில்லை. 18,68,685. இந்த ஏழு இலக்கத்தையும் எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்போது எனக்கு சர்வேயர் வேலையில் ஆறாவது வருஷம். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவனை மன்னார்குடிக்குக் கிழக்கே நெல் வயலுக்குள் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகி, ஒருவர் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்சவரம்புச் சட்டம் இறங்கியிருந்த நேரம். ஊருக்கு ஊர் இரண்டு கொடிக்கம்பம் நின்றது. ஒன்று கட்சியுடையது, ஒன்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துடையது. அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கினால் அடிதடி, வரப்பை ஒரு முழம் நகர்த்தினால் வெட்டு. சில தெருக்களுக்குள் போகும்போது தபால்காரர்கூட விடாமல் மணியை அடித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பார். வருவது யார் என்று தெரியாமல் யாராவது எதையாவது வீசிவிடக் கூடாதே என்ற பயம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தலைமை வரைவாளர் இருந்தார். பெயர் வேண்டாம், உயிரோடு இருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார். மூக்குப்பொடி, சிடுசிடுப்பு, சாப்பாட்டு நேரத்திலும் நிமிராத தலை. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால், "கண்ணு இருக்குல்ல, பாரு" என்பார்.

எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பரப்புக் கணக்கானாலும் எழுதி முடித்ததும் ஒன்பது தள்ளிப் பார்ப்போம். இலக்கங்களைக் கூட்டுவது, வந்ததை மறுபடி கூட்டுவது. 18,68,685 என்றால் ஒன்று, எட்டு, ஆறு, எட்டு, ஆறு, எட்டு, ஐந்து, மொத்தம் நாற்பத்திரண்டு, நான்கும் இரண்டும் ஆறு. அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மிச்சமும் அதே ஆறுதான். மூலக் கணக்கிலும் ஆறு, நகலிலும் ஆறு என்றால் டிக் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம். வரைவாளர் மட்டும் அதோடு விடாமல் பதினொன்றும் போடுவார். வலது கோடியிலிருந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டி என்று போனால் பதினொன்றால் வகுக்க வரும் மிச்சம் கிடைக்கும். இரண்டு மிச்சத்தையும் வரைபடத்தின் மூலையில் பென்சிலால், எறும்பு அளவு எழுத்தில் குறித்துவிடுவார்.

"ரெண்டு தாழ்ப்பாள் போட்டா திருடன் வரமாட்டானா சார்?" என்று நான் ஒருமுறை கேலி செய்தேன்.

"திருடன் வெளியிலேருந்து வர்றவன்னு யாருய்யா சொன்னது?" என்று பொடியை உறிஞ்சினார். நான் பதினொன்று போட்டுப் பார்த்ததே இல்லை.

இனி அந்த நிலம். ஒரு பண்ணையிலிருந்து உச்சவரம்புக்கு மேல் எடுத்த நஞ்சை. முப்பத்தேழு கூலிக் குடும்பங்களுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும், ஆளுக்கு அரை ஏக்கருக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு. சமமாக என்பதால் பரப்பைச் சதுர லிங்க்கில் எழுதினோம். உங்களுக்கு லிங்க் பழக்கமிருக்காது. சர்வே சங்கிலியின் ஒரு கண்ணி, எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், லட்சம் ஒரு ஏக்கர். அளந்த சர்வேயர் மாற்றலாகிப் போய்விட்டார். பண்ணை நிலத்திலிருந்து இதைப் பிரிக்கும் தெற்கு எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்தவர் வரைவாளர்.

"முப்பத்தேழால வகுத்தா மிச்சம் வராத மாதிரி கோடு போட்டிருக்கேன்" என்றார் என்னிடம். "கைக்குட்டை அகலம் மிச்சம் வந்தாக்கூட அது யாருக்குன்னு ஒரு மண்டை ஒடையும்."

உத்தரவோடு இணைக்கிற தாளில் மொத்தப் பரப்பைச் சுத்தமாக நகல் எடுத்து எழுதும் வேலை எனக்கு. எழுதினேன். ஒன்பது தள்ளினேன், ஆறு வந்தது, டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மேலே தாசில்தார் போட்டார். அதில் ஒரு தப்பு இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், நிலத்தைப் பிரித்துக் கொடுக்க நானும் சங்கிலி ஆள் சோமுவும் போனோம். வர வேண்டிய வருவாய் ஆய்வாளருக்கு அன்று காலைதான் காய்ச்சல் கண்டதாம். நல்ல காய்ச்சல்! ஊர்க் கணக்குப்பிள்ளையும் எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். வயலுக்குப் போய்ப் பார்த்தால், அளந்த அன்று தெற்குக் கோட்டில் நட்டிருந்த இரண்டு கல்லும் இல்லை. குழியை மூடி, மேலே புதிதாக வரப்பு வெட்டி, புல்கூடப் பதித்திருந்தார்கள்.

தெற்கு வரப்பில் பண்ணையின் காரியக்காரர் நின்றார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, அக்குளில் குடை. பின்னால் முப்பது பேர் இருக்கும், கையில் கம்பு. பக்கத்தில் ஒரு டிராக்டர். வடக்கு வரப்பில் முப்பத்தேழு குடும்பமும் நின்றது. அவர்களுக்கு முன்னால் சங்கத்துப் பக்கிரிசாமி, சிவப்புத் துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டு. அங்கே அரிவாள்கள் இருந்தன. நாற்றங்கால் வேலையிலிருந்து வந்தவர்கள், அதனால் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் நடக்க முடிந்தது.

காரியக்காரர் உத்தரவின் நகலை விரித்தார். "சர்வேயர் சார், இதுல பதினாறு லட்சத்து எம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் சதுர லிங்க் இருக்கு. அதாவது பதினாறு ஏக்கர் எம்பத்தெட்டு சென்ட். வடக்கேருந்து அளந்துக்கிட்டு வாங்க. எங்க முடியுதோ அங்க கல்லு நடுங்க. அதுக்குத் தெக்கே பண்ணை நெலம். தண்ணி வந்திடுச்சு, இன்னைக்கே ஓட்டிடுவோம்."

"அளந்த அன்னிக்கு வாய்க்கால் ஓரம் வரைக்கும் சங்கிலி வந்துது சார்" என்றார் பக்கிரிசாமி. "இவரு சொல்ற கணக்குக்குப் வாய்க்காலுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுடும் போலருக்கே."

"சங்கிலி எங்கவேணா வரும். பேப்பர்ல இருக்கறதுதான் பேச்சு" என்றேன் நான். அப்படியே வெடுக்கென்று சொன்னேன். என் கையெழுத்துப் போட்ட தாள் அல்லவா?

 சீக்கிரம் அளந்து, சீக்கிரம் நட்டு, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் யோசனை. வரப்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் 16,88,685ஐ முப்பத்தேழால் வகுத்தேன். ஆளுக்கு 45,640. அரை ஏக்கருக்கு நாலு சென்ட்டுக்கு மேல் குறைகிறது. மிச்சம் ஐந்து.

காரியக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கணக்கில் கெட்டிக்காரர், நான் எழுதி முடிக்கும் முன்னே புரிந்துகொண்டார். "அரை ஏக்கருக்குக் கொறையக் கூடாதுன்னுதானே உத்தரவு? அரை அரையா வெட்டிக் குடுங்க. முப்பத்துமூணு பேருக்கு வரும். கடைசி நாலு பேரை அடுத்த லிஸ்ட்ல பாத்துக்குவோம். என்னப்பா, சரிதானே?" என்று வடக்கு வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

  வடக்கிலிருந்து யாருக்கு எந்தத் துண்டு என்ற வரிசை, சீட்டுக் குலுக்கி முந்தின வாரமே முடிவாகியிருந்தது. முதல் முப்பத்துமூன்று பேருக்கு அந்த வார்த்தை கசக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நின்றவர்கள். பக்கிரிசாமி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

முப்பத்தேழாவது சீட்டு காத்தாயி என்கிற பெண்ணுக்கு விழுந்திருந்தது. அவள் புருஷன் முந்தின வருஷத்து அறுப்புச் சண்டையில் கால் உடைந்து படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. வாய்க்காலை ஒட்டிய துண்டு அவளுடையது. அடையாளத்துக்கு நட நாலு மூங்கில் முளை சீவி, மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எனக்கு அந்த மிச்சம் ஐந்து உறுத்தியது. பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன். அது கை வரைபடம். கோடு இருக்கும், நீளம் இருக்காது. நீளமெல்லாம் புல அளவுப் புத்தகத்தில், அந்தப் புத்தகம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆபீஸ் பீரோவில். மூலையில் பென்சிலில் எறும்பு எழுத்து: 6, 5.

மனுஷன் மனசு எவ்வளவு கேவலமானது பாருங்கள். ஒன்பது தள்ளினால் ஆறு. அது சரியாக இருக்கிறது. வரைவாளர் ஐந்து எழுதியிருக்கிறார்; எனக்கும் மிச்சம் ஐந்து. ஆகா, எல்லாம் சரி, நட்டுவிட்டுப் போகலாம் என்று எழுந்தே விட்டேன். எழுந்தபோதுதான் அந்தச் சிடுசிடுப்புக் குரல் காதில் வந்தது. மிச்சம் வராத மாதிரி கோடு போட்டிருக்கேன் என்றாரே! முப்பத்தேழுக்கு மிச்சம் சுழியாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படியானால் இந்த ஐந்து எதனுடைய ஐந்து?

மறுபடி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதினொன்று போட்டேன். என் தாளில் இருந்த 16,88,685. ஐந்து, கழிக்க எட்டு, கூட்ட ஆறு, கழிக்க எட்டு, கூட்ட எட்டு, கழிக்க ஆறு, கூட்ட ஒன்று. மைனஸ் இரண்டு. பதினொன்றைக் கூட்டினால் ஒன்பது. அவர் எழுதியிருப்பது ஐந்து.

 தாள் தப்பு. தப்பு என்னுடையது.

ஒன்பதுக்கு இலக்கங்கள் எந்த வரிசையில் நின்றாலும் ஒன்றுதான், கூட்டிவிட்டுப் போய்விடும். யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது பதினொன்று. ஒன்பது சரியாகவும் பதினொன்று தப்பாகவும் இருந்தால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருக்கலாம். சோமுவின் குச்சியை வாங்கி ஈர மண்ணில் ஒவ்வொரு ஜோடியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஏழு இலக்கத்தில் ஆறு ஜோடி. ஒரு ஜோடி எட்டும் எட்டும், மாற்றினாலும் அதேதான். மீதி ஐந்து. எட்டு வந்தது, இரண்டு வந்தது, இன்னொரு இரண்டு, ஒரு நான்கு. ஒன்றே ஒன்றில்தான் ஐந்து வந்தது. இரண்டாவது இடத்து ஆறும் மூன்றாவது இடத்து எட்டும் மாறினால்: 18,68,685.

முப்பத்தேழால் வகுத்தேன். 50,505. மிச்சம் சுழி.

அந்த விடையை இரண்டு தடவை படித்தேன். ஐம்பதாயிரத்து ஐந்நூற்று ஐந்து. இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்று. ஆளுக்கு அரை ஏக்கர், அரை சென்ட் மேலே. தெற்கே இன்னும் ஒரு ஏக்கர் எண்பது சென்ட், வாய்க்கால் ஓரம் வரைக்கும். என் பேனா இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டதில் மூன்றரைக் குடும்பத்தின் நிலம் பண்ணைக்குத் திரும்பிப் போயிருந்தது.

காரியக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, பிரியமாகத்தான் பேசினார். "தம்பி, நான் எதையும் பாக்கல. நீங்களும் எதையும் எழுதல. உத்தரவுல இருக்கிறபடி நட்டா உங்க மேல ஒரு தப்பும் வராது. மாத்திச் சொன்னா உங்க கையெழுத்தை நீங்களே பொய்ங்கறீங்க. வேலை போயிடும். சங்கத்துக்காரன் கிட்ட வாங்கிட்டான்னு ஊரு பேசும்." குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பேராவூரணி பஸ்ஸுக்கு நீங்க சனிக்கெழமை சனிக்கெழமை எங்க நிப்பீங்கன்னு நம்ம பசங்களுக்குத் தெரியும்."

இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான் குச்சியால் அந்த எண்ணை அழிக்கத் தொடங்கினேன். முதலில் 50,505 போயிற்று. ஒரு பீடி பிடிக்கிற நேரம் அதை அழிப்பவனாகத்தான் இருந்தேன். உங்களில் யாருக்காவது, அந்த இடத்தில் நானாக இருந்தால் உடனே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று தோன்றினால், நல்லது, உங்கள் வீட்டில் நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள்.

நிழல் ஒன்று மண் மேல் விழுந்தது. காத்தாயி வரப்பு தாண்டி வந்து நின்றிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மண்ணில் இருந்த இலக்கங்களைக் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல என் எடம் எந்த எழுத்துல இருக்கு?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. வேலைக்காரனுக்கு அது போதும், விரல் தானாகப் போய்விடும். இரண்டாவது இலக்கத்தைத் தொட்டேன். "இந்த எட்டுல இருக்கும்மா."

"அப்ப அதை அழிக்காதீங்க" என்றாள்.

எழுந்தேன்.  இரண்டு வரப்புக்கும் கேட்கும்படி சொன்னேன். "இந்தப் பேப்பர்ல உள்ள நம்பர் தப்பு. எழுதுனது நான். ரெண்டு எழுத்து எடம் மாறிப்போச்சு. ஆபீஸ்லேருந்து அளவுப் புத்தகம் வர்ற வரைக்கும் நான் கல்லு நடமாட்டேன்."

தெற்கிலிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்து என் காதோரம் பட்டது. "வாங்கித் தின்ன நாயே!" என்று யாரோ கத்தினான். வடக்கிலிருந்தும் சத்தம் வந்தது, அதுவும் என் மேல்தான். "நடச் சொன்னா நட வேண்டியதுதானே, எங்க முப்பத்துமூணு பேரு பொழப்பையும் ஏன் கெடுக்குறே?" டிராக்டரைக் கிளப்பிவிட்டார்கள். அது வாய்க்கால் ஓரத் துண்டுக்குள் இறங்கினால் வடக்கு வரப்பு சும்மா இருக்காது. அன்று யார் யார் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

காத்தாயி நேரே போய் டிராக்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். மடியிலிருந்த முளைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பக்கிரிசாமி கத்தினார்: "அருவாளைப் போட்டுட்டு வந்து உக்காருங்கடா! ஒருத்தன் கை ஓங்கக் கூடாது!" ஒருவர் வந்தார், இருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் முப்பத்தேழு வீட்டு ஆட்களும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள், அந்த முப்பத்துமூன்று பேரும் சேர்ந்து. டிராக்டர்காரன் காரியக்காரரைப் பார்த்தான். அவர் பண்ணைக்கு ஆள் அனுப்பிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார். எஞ்சின் மட்டும் நிற்கவில்லை.

சோமு சைக்கிளில் பறந்தான். நான் நடுவில் உட்கார்ந்தேன். மூன்றரை மணி நேரம்.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. பதினொன்று எனக்கு என்ன நிரூபித்தது? என் தாள் தப்பு என்று நிரூபித்தது, அவ்வளவுதான். 18,68,685 சரி என்று அது நிரூபிக்கவில்லை. நான் மாற்றியது பக்கத்து இலக்கங்களாக இல்லாமல் போனால்? இரண்டு இடத்தில் தவறியிருந்தால்? அந்தக் கிழவர் பென்சில் ஐந்தையே தப்பாகக் குறித்திருந்தால்? முப்பத்தேழுக்குச் சுழி வருவது தற்செயலாகவும் இருக்கலாம். ஏதோ முப்பத்தேழு எண்களை எடுத்தாலே அதில் ஒன்று அப்படி அமைந்துவிடும். ஒரு ஊகத்தை நம்பி இத்தனை பேரை ஒரு எஞ்சினுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். மனசுக்குள் மறுபடி மறுபடி பெருக்கினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. என் அம்மா ஞாபகம் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் சோமுவின் சைக்கிள் தெரிந்தது. கேரியரில் வரைவாளர் உட்கார்ந்திருந்தார், மடியில் புத்தகத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. புத்தகத்தை அடுத்தவன் கையில் கொடுத்து அனுப்ப அவருக்கு மனசில்லை. இறங்கி, சேற்றைப் பார்த்து முகம் சுளித்து, டிராக்டரைப் பார்த்து, "அதை அமத்துங்கய்யா, கணக்குப் பாக்க வேணாமா?" என்றார். அதுவரை யார் பேச்சையும் கேட்காத டிராக்டர்காரன் அவர் பேச்சைக் கேட்டு அமத்தினான்.

காரியக்காரரையும் பக்கிரிசாமியையும் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் பக்கத்தைத் திறந்தார். காரியக்காரர்தான் உரக்கப் படித்தார். பதினெட்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து அறுநூற்று எண்பத்தைந்து. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை; சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, தன் உள்ளங்கையில் முப்பத்தேழால் வகுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்டவரானாலும் கணக்கோடு சண்டை போடுகிறவர் இல்லை.

புத்தகத்து நீளப்படி அளந்து, வெளிச்சம் போகும் முன் தெற்குக் கல் இரண்டையும் நட்டோம். காத்தாயி தன் முளைகளை அடித்தாள். அன்றைக்கு அவள் என்னிடம் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

திரும்பும்போது வரைவாளரிடம் கேட்டேன். "சார், பென்சில்ல அஞ்சு போட்டது எனக்காகவா?"

"உனக்காக என்ன? எல்லாப் படத்துலயும்தான் போடுறேன். இருவது வருஷமா போடுறேன்." பொடி டப்பியைத் தட்டினார். "ஒருத்தன் பாத்தது இன்னைக்குத்தான்."

எனக்கு மெமோ கொடுத்தார்கள், தரங்கம்பாடிப் பக்கம் மாற்றினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்கு மட்டும் ரொம்ப நாள் வேறு வேறு இடத்தில் நின்று ஏறினேன். அந்த எண் என்னோடேயே வந்தது. தூக்கம் வராதபோது அதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். மூன்று, ஐந்து, ஏழு, பதின்மூன்று, அதோடு முப்பத்தேழு இரண்டு தடவை; பெருக்கினால் அதுதான். ஆளுக்கு வந்த 50,505ஐ மறுபடி முப்பத்தேழு பேருக்குப் பிரித்தாலும் மிச்சம் வராது, 1,365 வரும். 1,367ஐ அதாலேயே பெருக்கி நான்கைக் கழித்தாலும் அங்கேயே வந்து நிற்கும். எப்படித் திருப்பினாலும் அழகான எண். அழகை ரசிக்கத்தான் முடியவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அன்றைய தேதிக்கு முன்னால் நான் ஐந்து வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்திருந்தேன். எத்தனை பரப்பு எழுதினேன், எத்தனை டிக் அடித்தேன் என்று எண்ணிக்கை இல்லை. எல்லாவற்றுக்கும் ஒன்பது மட்டும்தான். அவற்றில் எத்தனை எட்டும் ஆறும் இடம் மாறி நிற்கின்றன? எந்த வாய்க்கால் ஓரத்தில் எந்தக் காத்தாயி, எழுத்துத் தெரியாமல், கேட்க ஆளில்லாமல், முளையை மடியிலேயே கட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்? மூலப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. என் நகல்கள்தான் இப்போது மூலம். அவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கருவி பிசகாது, எனக்குத் தெரியும். கருவியிலிருந்து படிவத்துக்கு எண்ணைக் கொண்டுபோவது உங்கள் விரல். வேலை முடிந்ததும் ஒன்பது தள்ளுங்கள், பதினொன்றும் போடுங்கள். அப்புறம் பழைய பதிவேட்டில் எங்காவது என் கையெழுத்து தென்பட்டால், தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த நிலத்துக்குப் போய் அளந்து பாருங்கள். தப்பாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன். இரண்டு வரப்புக்கும் கேட்கும்படி நானே சொல்கிறேன்.